சூடைச் சாக்கும் பின்தோணியும்

கொழும்பிலை நான் செய்த வேலையைச் சொன்னா இண்டைக்கும் ஆக்கள் சிரிக்கினம். தன்பாட்டிலை நெருப்புப் பிடிக்கிற சாமான்களை வகை பிரிச்சுக் கப்பலுக்கு அனுப்பிற வேலை. “நெருப்புப்பெட்டி இல்லாமல் எந்தச் சாமான் ஐயா தன்பாட்டிலை எரியும்?” எண்டு கேப்பினம். கேக்கிற ஆளைப் பொறுத்து எனக்குக் கொதியும் வரும்.

எரியும். துறைமுகக் களஞ்சியத்திலை வருசக்கணக்கா நிண்டு பாத்தவன் சொல்லிறன். சில சாமான் காத்துப் பட்ட உடனை பத்தும்; அதைத் தண்ணிக்குள்ளை அமத்தி வைச்சுத்தான் அனுப்புவினம். சில சாமான் தண்ணி பட்டாச் சீறும். இந்த ரெண்டுக்கும் எல்லாருக்கும் பயம், அதாலை கவனமாயிருப்பினம். என்னைக் கேட்டா மூண்டாவது வகைதான் பொல்லாதது. கொப்பரா, மீன்தூள், புதுக்கரி, எண்ணெய் ஊறின பஞ்சு. பாத்தாச் சாதுவாக் கிடக்கும். ஒரு பிடி அள்ளி வெளியிலை வைச்சா ஒண்டும் நடக்காது. அதையே குவிச்சு, இறுக்கிக் கட்டி, காத்தோட்டமில்லாத மூலையிலை அடைச்சு வைச்சீரோ, நடுவிலை மெல்ல மெல்லச் சூடு ஏறும். ஏறின சூடு வெளியாலை போக வழியில்லாமல் இன்னும் சூட்டைக் கூட்டும். பிறகு ஒருநாள் புகையும். அப்பிடியான சாமானிலை மேல்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி சிவப்புமா ஒரு சாய்சதுரச் சீட்டு ஒட்டவேணும். எதுக்கு ஒட்டிறது, எதுக்குத் தேவையில்லை, எதை மேல்தட்டிலை வைக்கிறது, எதைக் கீழை இறக்கலாம் எண்டு பாக்கிறதுதான் என்ரை தொழில்.

எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தோடை அந்தத் தொழிலும் போச்சு, இருந்த வீடும் போச்சு. உடுத்த உடுப்போடை கப்பலேறி வந்து, யாழ்ப்பாணத் தீவுப்பக்கம் புளியங்கூடலிலை மனுசியின்ரை தாய்வீட்டிலை ஒதுங்கினம். வேலை இல்லாமல் பெண்வீட்டிலை இருந்து சாப்பிடுறது என்ன பாடெண்டு அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் எனக்குக் கூடக் குத்தினது. ஏதேன் சொன்னாலும் திருப்பிச் சண்டை பிடிக்கலாமே!

மனுசியின்ரை தமையன், என்ரை மச்சான், நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையிலை ஒரு மோட்டர் வள்ளம் ஓட்டினவர். ஆக்கள் மேலை பலகையிலை இருப்பினம். சாமான் பலகைக்குக் கீழை அடித்தட்டிலை போகும். “சும்மா குந்தியிருந்து முகட்டைப் பாக்காமல் வந்து சாமான் ஏத்திறதைப் பாரும்” எண்டார். நானும் போனன். முதல் நாளே சண்டை. ஒருத்தர் சிரட்டைக்கரிச் சாக்குகள் கொண்டு வந்தவர். முதல்நாள் சுட்ட கரி. சாக்குக்குள்ளை முழங்கை மட்டும் கையை விட்டுப் பாத்தன். நடுவிலை இளஞ்சூடு. “ஆக்கள் இருக்கிற பலகைக்குக் கீழை இதை வைக்கேலாது” எண்டு மறிச்சுப் போட்டன். கரிக்காரர் கத்த, ஆக்கள் கத்த, மச்சான் தலையிலை கையை வைச்சார். “நாங்கள் பரம்பரையாக் கரி ஏத்தின ஆக்கள். உவர் கொழும்பிலையிருந்து நெருப்பைக் கொண்டுவந்திட்டார்” எண்டு எஞ்சின் ஓட்டுற அண்ணை சொல்ல, துறை முழுக்கச் சிரிப்பு. அண்டையிலையிருந்து அந்த அண்ணை எனக்கு வைச்ச பேர் ‘தானாயெரி’. சாமானைச் சொல்லித்தான் வைச்சவர் எண்டு சத்தியம் பண்ணுவார். என்ரை கோவத்தைச் சொல்லித்தான் எண்டு எனக்குத் தெரியாதே?

‘தன்பாட்டிலை சூடேறுற சாமான்’ எண்டு ஒவ்வொரு சாக்குக்கும் விளக்கம் சொல்ல எனக்கு வாய் உளைஞ்சு போச்சு. அதாலை சுருக்கி, “சூட்டுச் சாமான் ஏதேன் இருக்கோ?” எண்டு கேக்கத் தொடங்கினன். பிடிச்சுது சனியன்! எங்கடை சனத்துக்குச் சூடு எண்டா வேறை. இறால் சூடு, நண்டு சூடு, மாம்பழம் சூடு. இளநீர் குளிர்ச்சி, வெந்தயம் குளிர்ச்சி, எண்ணெய் வைச்சு முழுகினாக் குளிர்ச்சி. அடுத்த நாள் ஒருத்தர் நண்டுப் பறியைத் தூக்கி வந்து, “இது சரியான சூடு தம்பி, ஆனாச் சளிக்கு நல்லது” எண்டார். ஒரு மனுசி பப்பாசிப் பழத்தைக் காட்டி, “பிள்ளைத்தாய்ச்சியளுக்குப் பக்கத்திலை வைச்சிடாதையுங்கோ” எண்டு குசுகுசுத்தா. எனக்கு வைத்தியம் பாக்கிற பரியாரி வேலை கிடைச்ச மாதிரித்தான். நான் எத்தினை தரம் விளங்கப்படுத்தியும் சரிவரேல்லை. கடைசியிலை, போங்கோ எண்டு விட்டிட்டன். நண்டைத் தூரத்திலை வைச்சா ஆருக்கு என்ன நட்டம்?

ஆனாக் கரியையும் மீன்தூளையும் முற்றா மறிச்சா மச்சானின்ரை பிழைப்பு நாறிப் போகும். ரெண்டு பேரும் சண்டை பிடிச்சுப் பிடிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சம். வள்ளத்துக்குப் பின்னாலை கயித்திலை ஒரு தோணியைக் கட்டி இழுக்கிறது. சூடேறக்கூடிய சாமான் எல்லாம் அதிலை. பத்தினாலும் கயித்தை வெட்டிவிட்டா ஆக்கள் தப்பும். கடல் அமைதியா இருக்கிற காலத்துக்கு இது நல்ல ஏற்பாடு. சனம் அதுக்குச் ‘சூட்டுத்தோணி’ எண்டு பேர் வைச்சு, நண்டுப் பறியையும் அதிலையே கொண்டுபோய் வைக்கத் தொடங்கிச்சினம்.

அந்தத் தோணியாலைதான் எனக்கு நெடுந்தீவு அக்காவோடை பழக்கம். வேதக்காரக் குடும்பம், மாதா கோயில் ஆக்கள். புருசன் கடலிலை வள்ளத்துக்குள்ளை விழுந்து இடுப்பு முறிஞ்சு, எழும்பேலாமல் கட்டிலோடை கிடந்தார். அக்கா வாயாடி. நானும் வாயாடி. வலைக்காரர் விக்கேலாமல் கழிச்சுவிடுற சூடை மீனையெல்லாம் வாங்கி, கடற்கரையிலை காயப்போட்டு, இடிச்சுத் தூளாக்கிச் சாக்கிலை கட்டுவா. கோழித்தீனுக்கு நல்ல கிராக்கி. சூடை நெய் கூடின மீன். அதின்ரை தூள் குவிஞ்சு கிடந்தா, நான் சொன்ன மூண்டாம் வகை அதேதான். முதல் சந்திப்பிலேயே நான் அவவின்ரை சாக்குகளை மறிச்சன்.

“இது பின்தோணிக்கு, அக்கா. சூட்டுச் சாமான்.”

“பேரிலையே சூடை எண்டு கிடக்கு, அதைச் சொல்ல ஒரு ஆள் வேணுமோ?” எண்டா. “சூடை சூடெண்டு எனக்கும் தெரியும். திண்டா மனுசருக்குத்தான் ஆகாது. உம்மடை வள்ளம் என்ன பிள்ளை பெத்துப் பத்தியத்திலை கிடக்குதோ?”

எஞ்சின்கார அண்ணை விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது, அடக்கினன். அவவின்ரை சாக்கெல்லாம் தோணிக்குத்தான் போச்சு. தோணியிலை தண்ணி தெறிச்சாத் தூள் பழுதாப்போகும் எண்டது அவவின்ரை பயம். அதிலை நியாயமும் இருந்தது. நான் தென்னோலைக் கிடுகாலை மூடிக் கட்டிக் குடுத்தன். அதுக்குப் பிறகு என்னைத் திட்டிக்கொண்டுதான் சாக்கைத் தருவா, ஆனாத் தருவா.

அடுத்த வருசம் சித்திரை. யாழ்ப்பாணத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் அவவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: ஒரு பெரிய லோட் ஒரே தரத்திலை, சொன்ன நாளுக்கு, நல்லபடியா வந்தா, பிறகு மாசாமாசம் அவவிட்டைத்தான் எடுப்பாராம். வராட்டில் மன்னாரிலை எடுப்பாராம். கட்டிலிலை கிடக்கிற மனுசனையும் வைச்சுக்கொண்டு வேறை என்னத்தைச் செய்யிறது? பங்குனி முழுக்க அக்காவும் அவவின்ரை தங்கச்சியும் கடற்கரையிலை நிண்டு வெய்யில் குடிச்சினம். முகம் ரெண்டும் கரிச்சட்டி. துறைக்கு வாற நேரமெல்லாம் அவ கேக்கிற ஒரே கேள்வி, “அண்டைக்கு வள்ளம் நிச்சயம் வருமே தம்பி?”

அந்த நாள் கடல் சும்மா குளம் மாதிரிக் கிடந்தது. அக்காவின்ரை சாக்குகள் துறையிலை மலையாக் குவிஞ்சிருந்துது. நான் ஒவ்வொண்டுக்குள்ளையும் கையை விட்டுப் பாத்தன். எல்லாம் நல்லா ஆறின தூள், அவ கவனமாத்தான் செய்திருந்தா. “பாத்தீரே? செத்தவன்ரை கால் மாதிரிக் குளிர்ந்து கிடக்கு. இண்டைக்காவது வள்ளத்திலை ஏத்தும். லொறிக்காரன் காத்துக்கொண்டு நிப்பான், ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் எடுக்கான்” எண்டு கெஞ்சினா. அக்கா கெஞ்சி நான் முதல்முதலாக் கேட்டது அண்டைக்குத்தான். மனம் இளகினது உண்மை. ஆனா, இப்ப குளிர்ந்து கிடக்கிறது அடைச்சு வைச்ச பிறகும் குளிர்ந்து கிடக்கும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. ஏலாது எண்டன். அவ கத்த, நான் கத்த, கடைசியிலை தோணியிலை ஏத்திக் கிடுகு ரெண்டு மடங்கு போட்டு மூடினம்.

நாங்கள் தோணியடியிலை கத்திக்கொண்டு நிக்க, இங்கை ஒரு தச்சு ஆசாரியார் வள்ளத்துக்கு வந்திருக்கிறார். நெடுந்தீவிலை புது வீடொண்டுக்குக் கதவு யன்னல் செய்து, ஆளிவிதை எண்ணெய் பூசி முடிச்சிட்டு, வேலணைக்குத் திரும்பிற மனுசன். பூசித் துடைச்ச பழந்துணியளை எறிய மனமில்லாமல் ஒரு சாக்கிலை அமத்திக் கட்டிக் கொண்டு வந்திருக்கிறார். என்ரை இடத்திலை நிண்ட எஞ்சின்கார அண்ணை, என்னைப் போலவே பெருமையாக் கேட்டிருக்கிறார்: “சூடோ, குளிரோ?”

“எண்ணெய்த் துணி தம்பி. எண்ணெய் குளிர்ச்சிதானே” எண்டிருக்கிறார் ஆசாரியார்.

இந்த ஊரிலை வளந்த ஆருக்கும் அது சரியான மறுமொழிதான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தலையிலை எண்ணெயைக் கொட்டிச் சூடு தணிக்கிற ஆக்கள் நாங்கள். அண்ணை சாக்கை வாங்கி அடித்தட்டிலை, பழைய கயித்துக் கும்பிகளுக்கும் டீசல் தாங்கிக்கும் நடுவிலை இடுக்கிப் போட்டு, மேலை பலகையைப் போட்டிட்டார். பலகைக்கு மேலை பொம்பிளையளும் பிள்ளையளும் ஏறி இருந்தாச்சு.

நடுக்கடல் வரேக்கை எனக்கு மணந்துது. கருகிற எண்ணெய் மணம். களஞ்சியத்திலை பழகின மூக்கு, பிழைவிடாது. திரும்பித் தோணியைத்தான் பாத்தன். வெய்யிலிலை கிடுகு பளபளக்க அது பேசாமல் பின்னாலை வந்துகொண்டிருந்தது. அதுக்குள்ளை மற்ற ஆக்களுக்கும் மணந்திட்டுது. எல்லாற்றை கண்ணும் வள்ளத்திலை இருந்த அக்காவிலைதான் போய் நிண்டுது.

“உவவின்ரை சூடைதான்! கயித்தை வெட்டுங்கோ!”

அக்கா துள்ளி எழும்பினா. “ஆரடா வெட்டுறது? என்ரை சாக்கிலை எங்கை புகை? கண்ணைத் திறந்து பாருங்கோவன்!”

மச்சான் கத்தியைக் கையிலை எடுத்திட்டார். நான் ஓடிப்போய் அவரின்ரை கையைப் பிடிச்சன். “தோணியிலை இல்லை, மச்சான். காத்து எங்களிலையிருந்து அங்கை அடிக்குது. பின்னுக்கு இருக்கிற சாமான்ரை மணம் எங்களுக்கு எப்பிடி வரும்?” நான் சொல்லி முடிக்கேல்லை, ஒரு பிள்ளை “அம்மா, கால் சுடுது” எண்டு அழத் தொடங்கினது. பலகை இடுக்காலை நூல் மாதிரிப் புகை.

எஞ்சின்கார அண்ணை எஞ்சினை நிப்பாட்டிப் போட்டுப் பலகையைக் கிளப்பக் குனிஞ்சார். “தொடாதையும்! திறந்தாக் காத்துப் போகும், போனா அது குபீரெண்டு பிடிக்கும்! முதல் ஆக்களை இறக்குங்கோ!” எண்டு நான் போட்ட சத்தத்திலை அண்ணை கையை எடுத்திட்டார். அண்டைக்கு ஒருத்தரும் பகிடி விடேல்லை. மச்சான் மறுபேச்சில்லாமல் கயித்தை இழுத்தார். தோணி வள்ளத்தின்ரை பக்கத்திலை வந்து இடிச்சு நிண்டுது.

இறக்கிறதெண்டா எங்கை இறக்கிறது? தோணி நிறையச் சாக்கு.

சாக்கை எறியுங்கோ எண்டு அவவிட்டைக் கேக்க எனக்கு மனம் வரேல்லை. அக்கா தோணியைப் பாத்தா. பிறகு அழுதுகொண்டிருந்த அந்தப் பிள்ளையைப் பாத்தா. “மாதாவே” எண்டு ஒருக்காச் சொன்னா. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோணிக்குள்ளை குதிச்சு, கிடுகைப் பிய்ச்செறிஞ்சு, முதல் சாக்கைத் தன்ரை கையாலையே கடலிலை உருட்டி விட்டா.

நானும் குதிச்சன். ரெண்டு பேருமா, அவ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடிச்சு, ஒவ்வொரு சாக்காத் தூக்கித் தூக்கி வீசினம். ஒரு மாச வெய்யில் எங்களுக்கு முன்னாலை தண்ணிக்குள்ளை தாண்டு போய்க்கொண்டிருந்தது. கட்டவிழ்ந்த சாக்கிலையிருந்து தூள் தண்ணியிலை பரவ, எங்கையோ இருந்த கடற்பறவையெல்லாம் வந்து இறங்கிச்சுது. இடம் வந்த உடனை பிள்ளையளை ஒவ்வொண்டா வாங்கி இருத்தினம், பிறகு பொம்பிளையள், வயது போனவை. நான் வள்ளத்துக்குத் தாவி ஏற, மச்சான் கயித்தை நீட்டித் தோணியைத் தள்ளிவிட்டார்.

வாளியளிலை கடல்தண்ணியை அள்ளி நிரப்பி வைச்சுக்கொண்டுதான் பலகையைத் திறந்தம். திறந்த உடனை அடிச்சுது பாருங்கோ ஒரு சுவாலை, என்ரை புருவமெல்லாம் பொசுங்கிப் போச்சு. டீசல் தாங்கிக்கு ஒரு சாண் தள்ளி, ஆசாரியாரின்ரை சாக்கு தணலா எரிஞ்சுகொண்டிருந்தது. கயித்துக் கும்பியும் பத்திட்டுது. ஊத்தினம், ஊத்தினம், கை அறுந்து விழுற மட்டும் ஊத்தினம். மச்சான் கொழுக்கித் தடியாலை சாக்கைக் கொழுவி இழுத்துக் கடலிலை எறிஞ்சார். அது தண்ணியிலை விழுந்து சீறினதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்துது. ஆசாரியார் பாவம், ஒரு மூலையிலை இருந்து, “எண்ணெய் குளிர்ச்சியெல்லே, எண்ணெய் குளிர்ச்சியெல்லே” எண்டு சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நான் ஏசேல்லை. நெருப்புக்கு நான் ஊர்ச்சொல்லை எடுத்தன், அவர் ஊர்ச்சொல்லிலை மறுமொழி சொன்னார்.

குறிகட்டுவானிலை இறங்கினபோது ஒரே ஆரவாரம். தாய்மார் என்ரை கையைப் பிடிச்சு அழுதினம். “தம்பியின்ரை தோணி இல்லாட்டில் இண்டைக்கு நாங்கள் இல்லை” எண்டிச்சினம். எஞ்சின்கார அண்ணை என்னைக் கட்டிப்பிடிச்சார். மச்சான் துறையிலை நிண்ட எல்லாருக்கும் கேக்கக்கூடியதா, “இவர் என்ரை தங்கச்சியின்ரை மனுசன்” எண்டு சொன்னார். வந்த நாளிலையிருந்து அப்பிடி ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தனான். மனம் குளிர்ந்துதான் போச்சு, ஏன் மறைப்பான்.

பிறகுதான் அக்காவைத் தேடினன். துறையின்ரை ஓரத்திலை, நனைஞ்ச சீலையோடை, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தனிய இருந்தா. கோழிப்பண்ணை லொறி துறைப் பாலத்தடியிலை நிண்டுது. டிறைவர் இறங்கி வந்து வெறுந்தோணியைப் பாத்தார். ஆக்கள் நடந்ததைச் சொல்லிச்சினம். அவர் ச்சொக் எண்டு நாக்கை அடிச்சார். முதலாளிக்குச் சொல்லிப் பாக்கிறன் எண்டார். பிறகு லொறியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போட்டார். அது மன்னார்ப் பக்கம்தான் போகப் போகுது எண்டு அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் போய்ப் பக்கத்திலை இருந்தன். அவதான் முதல் கதைச்சா.

“தம்பி, எறியேக்கை அந்தச் சாக்குகள் சூடா இருந்ததோ?”

அவ ஏன் கேக்கிறா எண்டு எனக்கு விளங்கினது. சூடா இருந்திருந்தா, எப்பிடியும் அழியப் போற சாமானைத்தான் கடல் கொண்டு போனது. நான் காலமை மறிச்சது நியாயம், அவவுக்குப் போனதும் பெரிய நட்டமில்லை. அப்பிடி நினைச்சுக்கொண்டெண்டாலும் அவ இண்டைக்கு வீட்டை போகட்டுமே எண்டு இருந்துது எனக்கு.

“ஓம் அக்கா,” எண்டன். “நல்லாச் சூடேறித்தான் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா அதுவும் பத்தியிருக்கும்.”

அவ என்ரை முகத்தைப் பாத்தா. கோவமில்லை.

“மற்றப் பக்கம் பிடிச்சுத் தூக்கினது நான்தானே, தம்பி” எண்டா.